ஹில்மா அத்தையின் தலையில் இறங்கிய கிரீடம்

எங்கள் லிண்ட்ஷோ ஊரில் முப்பது வருஷத்துக் கல்யாணப் பெண்களில் யாரைக் கேட்டாலும், அந்த நாளைப் பற்றி முதலில் சொல்வது ஹில்மா அத்தையின் முழங்கையைத்தான். தேவாலயத்தின் பக்கத்து அறையில், பாதிரியாரின் அங்கிகள் தொங்கும் சுவருக்கு முன்னால், நம்மை முக்காலியில் உட்கார வைப்பாள். வாயில் பத்துக் கொண்டை ஊசிகளைக் கடித்துக்கொண்டு, முடியை இழுத்து, முறுக்கி, ஊருக்குச் சொந்தமான வெள்ளிக் கிரீடத்தை அதன்மேல் ஏற்றுவாள். முழங்கை காதில் இடிக்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வெளியே காத்திருக்கும் உறவுக்காரர்கள் பெண் உருகி அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அசையாதடி. இப்ப இது உன் தலை இல்ல, ஊர்ச் சொத்து நிக்கிற இடம்," என்பாள் ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

என் காதில் அந்த முழங்கை இடித்தது 1961 ஜூன் பத்தாம் தேதி. எனக்கு இருபத்து மூன்று வயது. இடது காலணிக்குள் அப்பா போட்ட வெள்ளிக் காசு, வலது காலணிக்குள் அம்மா போட்ட தங்கக் காசு, இரண்டும் உள்ளங்காலை உறுத்திக்கொண்டிருந்தன. வெளியே மர ஆலையில் வேலை பார்க்கும் ஈங்வே, கடன் வாங்கிய கறுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலம் நான் ஹில்மா அத்தைக்குச் செய்ததை ஐம்பது வருஷமாக என் மாமியார் வீட்டார் சிரிப்புக் கதையாகச் சொல்லித் திரிந்தார்கள். அவர்களுக்குப் பாதிதான் தெரியும்.

அவள் முழுப்பெயர் ஹில்மா நோர்லிங். கல்யாணம் இல்லாத சனிக்கிழமைகளிலும் மற்ற நாட்களிலும் அவள் எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அவள் வேலை பார்த்த இடம் என்று சொல்லவில்லை, அவளேதான் எக்ஸ்சேஞ்ச். அவள் வீட்டு முன்னறையில் பலகை, பலகையில் நாற்பத்தெட்டு ஓட்டைகள், காதில் கருவி. யார் ரிசீவரை எடுத்தாலும் "நம்பர்?" என்று அவள் குரல் வரும். பசு கன்று போட்டதும் கிழவர் மூச்சு நின்றதும் ஊருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொல்ல மாட்டாள். அந்த விஷயத்தில் அவள் கல்.

இருபத்து நாலு வயதில் அவளிடம் கிரீடத்தைக் கொடுத்தார்கள். அதற்கு முன் வைத்திருந்த கோயில் மணியக்காரர் மனைவிக்குக் கை நடுங்க ஆரம்பித்ததால், அதை நம்பி ஒப்படைக்க நிதானமான ஆள் வேண்டியிருந்தது. கூடவே ஒரு பழைய விதியையும் ஒப்படைத்தார்கள்: கிரீடம் கன்னிப் பெண்ணுக்கு மட்டும். வயிறு முந்திக்கொண்டவளுக்குக் கிடையாது, அவள் வெறுந்தலையோடுதான் உள்ளே நடக்க வேண்டும்.

1938இல் ஒரு பண்ணைக்காரர் மகள் ஆறு மாதத்தோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். ஹில்மா வழக்கம்போல ஊசியைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். சபைப் பெரியவர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பொண்ணுக்குக் கிரீடம் கிடையாது. விதி தெரியும்ல?"

"தெரியும். நீங்க ஒண்ணு செய்யுங்க. அலமாரியில ஞானஸ்நானப் பதிவேடு இருக்கு. உங்க மூத்த பையன் பொறந்த தேதியையும் உங்க கல்யாணத் தேதியையும் பாத்து, நடுவுல எத்தன மாசம்னு எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஊசி குத்திட்டு இருக்கேன்."

பெரியவர் பதிவேட்டைத் திறக்கவில்லை. அன்றோடு அந்த விதி செத்தது. அந்தப் பண்ணைக்காரர் மகள்தான் என் அம்மா, வயிற்றில் இருந்தது நான். அதனால் ஹில்மா அத்தையைப் பற்றிப் பேசும்போது நான் நடுநிலையோடு பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சபையையே வாயடைக்க வைத்தவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. ஊர் சிரிக்கும் என்ற பயம். காரணம் அந்தப் பலகைதான். இரண்டு வீடுகளை இணைத்துவிட்டு, பேச்சு முடிந்ததா என்று பார்க்க அவள் நடுவில் காது வைக்க வேண்டும். வைக்கும்போதெல்லாம் யாராவது யாரையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வயதான விதவை புதுத் தொப்பி வாங்கியதற்குச் சிரிப்பு, மொட்டைத் தலையர் நடனத்துக்குப் போனதற்குச் சிரிப்பு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளோ அந்த ஊர் வாய்க்குள்ளேயே உட்கார்ந்து பிழைத்தவள்.

அவளுக்கும் ஒரு வியாழக்கிழமை இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வால்ஃப்ரிட் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தது 1939இல். உயரமான, ஒற்றை நாடி மனிதர். வண்டியை அனுப்ப விசில் ஊதுவதோடு அன்றைய பேச்சை முடித்துக்கொள்பவர். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றும். வியாழக்கிழமைதோறும் ஹில்மா வீட்டில் பட்டாணி சூப்பும் அப்பமும் சாப்பிட வருவார். ஊரே வியாழக்கிழமை பட்டாணி சூப்தான் சாப்பிடுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் இருபத்தொரு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டால் அது சூப் மட்டும் இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் "நோர்லிங் அம்மா", "ஸ்டேஷன் மாஸ்டர் சார்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன். வயலின்காரர்கள் முன்னால் வாசிக்க, ஈங்வேயும் நானும் சேர்ந்து நடந்து போய், பாதிரியார் முன் நின்று, மனைவியும் புருஷனுமாகத் திரும்பினோம். சமூகக் கூடத்தில் விருந்து. ஊறவைத்த மீன், உப்பிட்ட சால்மன், புது உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டிப் பணியாரம். யாராவது கரண்டியால் கிளாஸைத் தட்டினால் நாங்கள் நாற்காலி மேல் ஏறி முத்தமிட வேண்டும். நான் கை கழுவ எழுந்து போனால் பெண்கள் எல்லாம் வரிசையில் நின்று ஈங்வேக்கு முத்தம் கொடுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் எப்போதும் அவன் அத்தை அக்டாதான். மூன்று முறை. நான் போனது இரண்டே முறை.

ஆறு மணிக்கு, வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது, கிரீடத்தை இறக்கும் ஆட்டம் ஆரம்பமானது. கல்யாணமாகாத பெண்கள் கை கோத்து வட்டமாகச் சுற்ற, நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு நான். வயலின் நின்றதும் கிரீடத்தை யார் தலையில் வைக்கிறேனோ அவள்தான் ஊரின் அடுத்த கல்யாணப் பெண். ஹில்மா அத்தை என் முடியிலிருந்து ஊசிகளை உருவி, கிரீடத்தை என் கையில் கொடுத்தாள்.

"கீழ போட்டுடாதடி. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன்."

முப்பது வருஷமாக அப்படித்தான். கண் கட்டிய பெண் தடுமாறிக் கிரீடத்தை நழுவவிட்டால் ஏந்திக்கொள்ள, வட்டத்துக்குள் ஒரு ஓரமாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். அவள் அங்கே நிற்பது யார் கண்ணிலும் படாது. தூண் நிற்பதுபோல.

என்னை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்கள். வயலின் நின்றது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட நிலைமை. இடது கையை நீட்டினேன், ஒரு கொண்டை தட்டுப்பட்டது. என் சித்தி மகள் லீனா கொண்டை போட்டிருந்தது ஞாபகம் வந்தது. சரியான ஆள்தான் என்று மகிழ்ந்துபோய், கிரீடத்தை இரண்டு கையாலும் அழுத்தி வைத்தேன்.

கூடத்தில் சத்தமே இல்லை. கண்கட்டை அவிழ்த்தேன். எதிரில் ஹில்மா அத்தை, ஐம்பத்து நாலு வயது, நீட்டிய கை நீட்டியபடி, தலையில் கிரீடம்.

முதலில் வெடித்தது அக்டா அத்தை.

"அடுத்த பொண்ணு ரெடி! ஸ்டேஷன் மாஸ்டரே, பச்சைக்கொடிய காட்டுங்க!"

அதற்கப்புறம் கூரை பறந்தது. மேஜையைத் தட்டினார்கள். "பட்டாணி சூப் பொங்கிடுச்சு டோய்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். கிளாஸ் கணக்கில் குடித்திருந்தேன், கல்யாணப் பெண்ணாக வேறு இருந்தேன், எல்லாமே எனக்காகத்தான் நடக்கிறது என்ற நினைப்பு. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது. அந்த முகம் சுவர்போல வெளுத்திருந்தது. அவள் கிரீடத்தை மெல்ல எடுத்து, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து போனாள். மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த வால்ஃப்ரிட் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார், தொப்பியை எடுத்தார், அவரும் போனார். அதற்கும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மாமியார் வீட்டு டெலிபோனை எடுத்தேன்.

"நம்பர்?"

அதே குரல். மன்னிப்பைக் கேட்க எந்த நம்பர்? அம்மா வீட்டு நம்பரைச் சொன்னேன், அம்மாவிடம் பால் விலையைப் பற்றிப் பேசினேன், வைத்துவிட்டேன். செவ்வாயும் அப்படியே. புதன் மாலையில் ஈங்வே என்னை உட்கார வைத்தான்.

"இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருக்கப் போற? நேர்ல போய்ச் சொல்லிட்டு வா. கடிச்சா தின்னுடுவாங்க?"

"கிரீடத்த இனிமே தொடவே மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா? அவங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். அதை நான் கெடுத்துட்டேனே."

"அப்ப அதையும் போய்க் கேட்டுட்டு வா."

வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் போனேன். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஹில்மா அத்தை காதுக்கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அப்ப மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அத்தை, சத்தியமா நான் தெரிஞ்சு வைக்கல. லீனான்னு நெனச்சேன்."

"தெரியும்டி. லீனா கொண்டையும் என் கொண்டையும் ஒரே மாதிரி கண்றாவிதான். உக்காரு. மூக்க சிந்து."

உட்கார்ந்தேன். மாவைக் கலக்கிக்கொண்டே அவள் சொன்னதை நான் வேறு யாரிடமும் அப்படியே சொன்னதில்லை. 1940 நடுக்கோடைத் திருநாளில், இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு முடித்துக் காபி குடிக்கும்போது, வால்ஃப்ரிட் அவளிடம் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார். தன் அம்மா படுக்கையில் இருக்கிறாள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வருஷமும் கேட்டார். அம்மா செத்த பிறகும் கேட்டார். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு.

"நாப்பத்திரண்டுல மணப்பொண்ணா உள்ள நடந்தா இந்தப் பலகை முழுக்கச் சிரிப்பா ஓடும்னு நெனச்சேன். அப்புறம் நாப்பத்தஞ்சு. அப்புறம் அம்பது. ஒவ்வொரு வருஷமும் சிரிப்பு பெருசாகிட்டே போகுதே தவிரக் குறையல. அவர் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவ, கம்பத்தடியில காபியோட வந்து நிப்பார். 'இந்த வருஷம் எப்படி?'ன்னு கேப்பார். போன வருஷம் கேக்கும்போது அவர் கோப்பை தட்டுல கடகடன்னு ஆடிச்சு. கை நடுங்குது. அறுபது ஆகப் போகுதில்ல."

இதன் நடுவில்தான் நான் போய் அந்தக் கிரீடத்தை வைத்திருக்கிறேன்.

"மன்னிச்சுடுங்க அத்தை."

"இருடி, முழுசாக் கேளு. ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்கே பலகையில விளக்கு எரிய ஆரம்பிச்சுது. காது வச்ச எடமெல்லாம் நான்தான். ஹில்மா தலையில கிரீடமாம், ஹா ஹா. உன் அக்டா அத்தை மட்டும் பதினோரு பேர்கிட்ட சொன்னா. பதினோரு பேருக்கும் நானேதான் லைன் போட்டுக் குடுத்தேன். திங்கக்கெழமையும் அதே. செவ்வாக்கெழம கொஞ்சம் கம்மி. புதன்கெழம ஒருத்தர் வீட்டுப் பன்னி கிணத்துல விழுந்துடுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எல்லா லைன்லயும் பன்னிதான்."

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை இன்றும் மறக்கவில்லை.

"மூணு நாள், குன்வோர். மூணே மூணு நாள் ஓடுற விஷயத்துக்கு நான் இருபத்தோரு வருஷம் பயந்திருக்கேன்."

அப்போது வாசலில் தொப்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. வால்ஃப்ரிட். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். ஹில்மா அத்தை உட்காரச் சொன்னாள். சூப்பை ஊற்றினாள். கடுகுச் சாந்தை அவர் பக்கம் தள்ளினாள். நான் எழுந்தால் எல்லாம் தெரிந்துதான் போகிறேன் என்று அவருக்கு விளங்கிவிடும், உட்கார்ந்தாலும் அசிங்கம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சார், நடுக்கோடைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு."

"ம்."

"அதுவரைக்கும் காத்திருந்து கேக்கணும்னு ஏதாவது ரயில்வே விதி இருக்கா?"

அவர் கரண்டி பாதி வழியில் நின்றது. சூப் தட்டில் சொட்டியது. அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஆறு இருபது வண்டி இருக்கு," என்றார்.

தொப்பியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல இருந்தது. ஹில்மா அத்தை சூப்புத் தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். "ஆறிடும்," என்றாள், அவ்வளவுதான். ஜன்னல் வழியாக விசில் கேட்டது. வழக்கமாக ஒரு நீளமான விசில். அன்று மூன்று விசில் ஊதினார். வண்டிக்காரன் குழம்பிப்போய் நாலு நிமிஷம் வண்டியை எடுக்காமல் நின்றானாம், ஊரில் பிறகு சொன்னார்கள்.

ஆறரைக்குத் திரும்பி வந்தார். ஓடி வந்திருக்கிறார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. தட்டைத் திறந்து, மீதி சூப்பைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்தார்.

"செப்டம்பர்ல பண்ணிக்கலாமா?"

"செப்டம்பர் நல்லாத்தான் இருக்கும்," என்றாள் ஹில்மா அத்தை.

கல்யாண அறிவிப்பு மூன்று ஞாயிறுகள் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. பலகையில் மறுபடி சிரிப்பு ஓடியிருக்கும், எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவள் பின்வாங்கியது கிரீடத்தில் மட்டும்தான். தொப்பி வைத்துக்கொள்கிறேன், அது போதும் என்றாள். நான் விடவில்லை.

"அத்தை, பழைய விதி என்ன? கன்னிப் பொண்ணுக்கு மட்டும்தான?"

"அதான் செத்துப்போச்சே."

"செத்தாலும் பரவால்ல. அந்த விதிப்படி பாத்தா இந்த முப்பது வருஷத்துல இந்தக் கிரீடத்துக்கு முழுத் தகுதியோட வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். என்னையெல்லாம் கேக்காதீங்க."

முதல் முறையாக அவள் முகம் சிவந்து பார்த்தேன். கையில் இருந்த துண்டால் என்னை அடித்தாள்.

அவர்கள் பதின்மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சூட்டவென்று ஸ்டேஷன் வீட்டு ஜன்னலில் அவள் வளர்த்த மிர்ட்டில் செடி இப்போது என் ஜன்னலில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் வீட்டில் இன்று யாரோ நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். கிரீடம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. பெண்கள் பூ வைத்துக்கொண்டு நடக்கிறார்கள், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. நான் ஏங்குவது கிரீடத்துக்காக இல்லை. ரிசீவரை எடுத்தால் "நம்பர்?" என்று கேட்கும் அந்தக் குரலுக்காக. அது போன பிறகு டெலிபோனில் எனக்கு யாருமே பதில் சொல்லாததுபோல இருக்கிறது.

அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை, பக்கத்து அறையில், முக்காலியில் அவள் உட்கார, ஊசிகளை நான் கடித்துக்கொண்டேன். வலிக்குமோ என்று மெதுவாகக் குத்தினேன். "இறுக்கிக் குத்துடி, பூசணிக்காய்க்கா வைக்கற?" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். கறுப்புப் பட்டுச் சட்டை, நரைத்த முடி, அதன்மேல் வெள்ளி. அழகாக இருந்தாள். சொன்னேன். நம்பவில்லை.

வாசல் கூடத்தில் வால்ஃப்ரிட் காத்திருந்தார். எங்கள் ஊரில் பெண்ணை அப்பா கூட்டிப்போவதில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே நடப்பார்கள், அதனால் அவளுக்கு அப்பா இல்லாதது குறையாகத் தெரியவில்லை. உள்ளே ஊரே வந்திருந்தது. பாதிப் பேர் வாழ்த்த, பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. கதவு திறந்ததும் எல்லோரும் எழுந்து திரும்பினார்கள். ஹில்மா அத்தை நின்றுவிட்டாள். அவர் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"வேணாம்," என்றாள் மெல்ல. "தொப்பி எடுத்துட்டு வா குன்வோர்."

அவர் நடக்க ஆரம்பித்தார். அவளும் நடக்க வேண்டியதாயிற்று. நான் பின்னால். வயலின் வாசித்தது. கால்வாசி தூரம், சத்தமில்லை. பாதி தூரம். அப்போது கேட்டது, சிரிப்பு. அடக்கப் பார்த்து அடங்காமல் மூக்கு வழியாகப் பொங்கிவரும் சிரிப்பு. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அக்டா அத்தையை எரித்துவிடுவதுபோலத் திரும்பினேன். அவள் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரிக்கவில்லை.

சிரித்தது வால்ஃப்ரிட். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பல்லை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, பள்ளிக்கூடம் விட்ட பையன்போலச் சிரித்துக்கொண்டே நடந்தார். வயலின்காரருக்கே சுருதி தப்பியது.

"என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் ஹில்மா அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும். இருபத்தோரு வருஷம் லேட்டு. ஆனா வண்டி வந்துடுச்சுல்ல!"

கிரீடத்தைச் சுற்றித் தொங்கும் வெள்ளி இலைகள் கலகலவென்று ஆட ஆரம்பித்தன. நான் சரியாகக் குத்தவில்லையோ, விழப்போகிறதோ என்று பயந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நெருங்கினேன். விழவில்லை. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.